'தண்ணீர்' என்று திரும்பி வந்த போத்தல்

ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு தடவைதான் பதுளைக்குப் போனேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நான் வேலை செய்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தை எட்டிப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கதிரை போட்டுத் தேநீர் தந்தார்கள். அதில் ஒருத்தி, "மிஸ், நீங்கள் செய்த சோதனைகளுக்குள்ளே எது பெரிய கஷ்டம்?" என்று கேட்டாள். "ஒரு பிள்ளைக்குத் தண்ணி குடுக்காமல் இருந்ததுதான்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். விளக்கமாகச் சொல்ல அன்று நேரம் இருக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தேன், கண்ணாடித் தட்டுகளை உடைத்தேன், ஏச்சு வாங்கினேன், சித்தியடைந்தேன். கேட்ட இடம் யாழ்ப்பாணம், கிடைத்த இடம் பதுளை. "கொஞ்சக் காலம் இரு, பிறகு மாற்றம் எடுக்கலாம்" என்றார்கள். அந்தக் கொஞ்சக் காலத்துக்குள் சண்டை முற்றி ஊருக்குப் போகிற பாதையே பூட்டப்பட்டுவிட்டது. அம்மா மட்டும் அங்கே இருந்தா. அவவின் கடிதம் சுற்றி வளைத்து என் கைக்கு வரும்போது, அதில் எழுதியிருந்த காய்ச்சல் சுகமாகி அடுத்த காய்ச்சல் தொடங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் சிங்களவர்களுக்கு நான் தமிழ். தோட்டத்து ஆட்களுக்கு யாழ்ப்பாணத்து மிஸ். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கோ போகப்போக நான் பதுளைக்காரி. ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பசறை வீதியில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டுப் பின்னறையில் நான் கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்கமாட்டேன். பெருநாளுக்கு அவர்கள் சாப்பாடு அனுப்புவார்கள். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது பேசுகிற இரண்டு வார்த்தைக்காகவே அடுத்த பெருநாளை எதிர்பார்த்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில்தான் அந்தப் போத்தல் வந்தது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து எங்கள் ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வாட்டில் படுத்திருந்த ஒரு சின்னப் பையனின் சிறுநீர். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை சிறுநீர் பெய்யாவிட்டால் வாட்டில் தாய்க்கு ஏச்சு விழும். ஏச்சுக்குப் பயந்த சில தாய்மார் போத்தலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். பல தடவை அப்படி நடந்திருக்கிறது. அதனால் நிறமும் மணமும் இல்லாமல் ஒரு போத்தல் வந்தால், எங்கள் மூத்த தொழில்நுட்பவியலாளர் சோதிக்காமலே 'தண்ணீர். மீண்டும் அனுப்புக' என்று எழுதித் திருப்பிவிடுவார். இந்தப் போத்தலும் அப்படித் திரும்பிப் போனது. மறுநாள் வந்த போத்தலும் திரும்பிப் போனது. வாட்டில் அந்தத் தாய்க்கு நல்ல ஏச்சு விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்றாவது போத்தலைப் பிள்ளை வைத்திய நிபுணரே கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் ஒரு சிங்களவர். அதிகம் பேசமாட்டார். பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு ஒரு குட்டை முக்காலியை இழுத்து, தாயைவிடத் தாழ்வாக உட்காருவார். தாயிடம் கேட்ட கேள்விக்குத் தாதி பதில் சொன்னால், அவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு மறுபடியும் தாயிடமே கேட்பார். ஆய்வுகூடத்து முடிவும் பிள்ளையின் நிலைமையும் ஒத்துப்போகாவிட்டால், ஆளை அனுப்பாமல் தானே படியிறங்கி வருவார்.

அன்று போத்தலை மேசையில் வைத்துவிட்டு, "தொட்டுப் பாருங்கள்" என்றார். சூடாக இருந்தது. "என் கண் முன்னால்தான் பெய்தான். குழாயில் வெந்நீர் வருகிற வாட்டு எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லையே" என்றார். குரலில் கோபம் இல்லை. எங்கள் மூத்தவர் எழுந்து நின்றார். "நீங்கள் செய்தது வழக்கமானதுதான், பிள்ளைதான் வழக்கமான பிள்ளை இல்லை" என்று வைத்தியர் அவரை உட்கார வைத்தார்.

நான் அதை உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி யூரினோமீட்டரை மிதக்கவிட்டேன். சிறுநீர் எவ்வளவு செறிவோ அவ்வளவுக்கு அந்தக் கண்ணாடி மிதப்பு மேலே நிற்கும். இதில் கழுத்துவரை முங்கியது. 1.002. தண்ணீருக்கும் அதற்கும் பெயரளவில்தான் வித்தியாசம். சீனி இல்லை, புரதம் இல்லை. ஆனால் அதே பிள்ளையின் இரத்தத்தில் சோடியம் ஏறிக் கிடந்தது. கருவியில் பிழை என்று நினைத்து மறுபடியும் செய்தேன். அதே முடிவுதான். உடம்பு வறண்டு கிடக்கிறது, சிறுநீரகமோ தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றுகிறது.

வைத்தியர் ஒரு துண்டுக் கடதாசியில் படம் கீறிக் காட்டினார். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து ஓர் ஓமோன் புறப்படும், 'தண்ணீரை விடாதே' என்ற கட்டளையோடு. சிறுநீரகத்துக் கலங்களின் மேற்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு வாங்கி என்று பெயர். வாங்கி பழுதென்றால் கட்டளை வந்தும் பயனில்லை. அந்த வாங்கியை உண்டாக்கும் பரம்பரையலகு, ஜீன் என்பது, எக்ஸ் குரோமோசோம் என்கிற நிறமூர்த்தத்தில் இருப்பதை அண்மையில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஆணுக்கு இருப்பது ஒன்றுதான்.

"நாளைக்கு உறுதிப்படுத்த வேண்டும். தண்ணீரை நிறுத்தி வைத்துப் பார்க்கிற சோதனை. நீங்களும் வாட்டுக்கு வாருங்கள். அளக்கவும் ஆள் வேண்டும், தாயோடு தமிழில் பேசவும் ஆள் வேண்டும்" என்றார்.

தாயின் பெயர் சரோஜா. கொஸ்லந்தையில் பிறந்து மடுல்சீமைக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒல்லியான பெண். பையனின் பெயர் யோகு. இரண்டு வயது என்றார்கள், பார்த்தால் ஒரு வயதுக்கும் காணாது. கட்டிலருகே சரோஜாவின் மாமியார் நின்றா. நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு துணிப்பை, முகத்தில் ஒருவரையும் நம்பாத ஒரு பார்வை.

"இண்டைக்குக் கொஞ்ச நேரத்துக்குப் பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதேங்கோ" என்று நான் தொடங்கியதுமே சரோஜா சிரித்துவிட்டாள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"நீங்களுமா மிஸ்? தண்ணி குடுக்காத, தண்ணி குடுக்காதன்னுதான் எல்லாருமே சொன்னாங்க. இவனுக்கு முன்னுக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளைக. தண்ணிய குடிச்சி குடிச்சித்தான் ஒண்ணுக்குப் போறான், சளி புடிக்கும், நிறுத்துன்னாங்க. நானும் நிறுத்துனேன். பெரட்டுக்குப் போவணும்னா புள்ளைய புள்ளக்காம்பராவுல விட்டுட்டுத்தானே போவணும்? அங்கயும் குடுக்காதன்னு சொல்லிவச்சிருந்தாங்க. ரெண்டும் காய்ச்சல்ல போயிருச்சிங்க."

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் பெரட்டு. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கிற இடம் பிள்ளைக்காம்பரா. மாமியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றா. 'எல்லாரும்' என்று சரோஜா சொன்னது யாரை என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

"இவனுக்கு நா யார் பேச்சையும் கேக்கல்ல மிஸ். கொழுந்துக் கூடைக்கு அடியில போத்தல் வச்சி, பீலியில தண்ணி புடிச்சி, மலையில இருந்து எறங்கி ஓடி வந்து திருட்டுத்தனமா குடுப்பேன். கொழுந்து நிறுக்கையில கூடை நனஞ்சி இருக்கும். பாரம் ஏற தண்ணி ஊத்துறேன்னு கணக்கப்புள்ள ஏசுவாரு. இங்க வந்தா, ஒண்ணுக்குல தண்ணி ஊத்துறேன்னு ஏசுறாங்க. கொழுந்துலயும் ஊத்தல்ல, இதுலயும் ஊத்தல்ல மிஸ். புள்ளைக்கித்தான் ஊத்துனேன்."

இதை அப்படியே வைத்தியரிடம் சொன்னேன். அவர் முக்காலியை இழுத்துச் சரோஜாவின் முன்னால் உட்கார்ந்து, "இன்று மட்டும் என் பேச்சைக் கேட்கச் சொல்லுங்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன். ஆபத்து என்றால் நானே தண்ணீர் கொடுப்பேன்" என்றார். சரோஜா அவரைக் குனிந்து பார்த்தாள். அவர்தான் அவளைவிடத் தாழ்வாக உட்கார்ந்திருந்தாரே. "சரிங்க" என்றாள்.

அந்தச் சோதனை பார்க்கக் கூடாத ஒன்று. வாட்டில் தண்ணீர் இருந்த பூச்சாடியை எடுத்துவிட்டார்கள். குழாய்ப் பிடியைத் துணியால் கட்டினார்கள். பிள்ளையை அடிக்கடி நிறுக்க வேண்டும், நிறை ஓர் எல்லைக்குக் கீழே போனால் உடனே நிறுத்த வேண்டும். பெய்த ஒவ்வொரு முறையும் நான் அளக்க வேண்டும். முதலில் யோகு அழுதான். பிறகு குழாயைக் காட்டிக் காட்டி அழுதான். பிறகு கண்ணீர் இல்லாமல் அழுதான். வெளியே மழை பெய்தது. கட்டிலில் எழுந்து நின்று, ஜன்னல் கம்பியில் வழிந்த மழைத்தண்ணீரை நக்கப் போனான். சரோஜா அவனை இழுத்து அணைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மிஸ், ஒரு சொட்டு. நாக்குல தடவுறேன், அவ்வளவுதான்."

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கோ அம்மா."

அவள் காலையிலிருந்து ஒன்றும் குடித்திருக்கவில்லை. தேநீர் கொண்டுவந்து கொடுத்தும் தொடவில்லை. என்னாலும் குடிக்க முடியவில்லை. மிதப்பு ஒவ்வொரு தடவையும் அதே கழுத்துவரை முங்கியது. 1.002. பிள்ளை வறண்டுபோகிறான், நிறை இறங்குகிறது, சோடியம் ஏறுகிறது, சிறுநீர் மட்டும் தெளிந்த தண்ணீராகவே வருகிறது. கடைசியில் வைத்தியர் கொழும்பிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் வரவழைத்திருந்த மருந்தை எடுத்தார். மூளையில் சுரக்கிற அந்த ஓமோனைப் போலவே வேலை செய்கிற மருந்து. அதை மூக்கில் சொட்டினார். மருந்து கேட்டால் மூளையில்தான் குறை. கேட்காவிட்டால் வாங்கியில் குறை. காத்திருந்தோம். நான் மறுபடியும் அளந்தேன்.

1.002.

"போதும்" என்றார் அவர். தயாராக வைத்திருந்த தம்ளரைத் தானே எடுத்து யோகுவின் வாயில் வைத்தார். அந்தப் பிள்ளை தண்ணீர் குடித்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தா. "என்ன நோவுன்னு கேளுங்க மிஸ். எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு இல்ல. எங்க இருந்து வந்திச்சி?"

நான் மொழிபெயர்த்தேன். வைத்தியர் அந்த அம்மாவைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார். பதில் தாய்வழி என்பதுதான். அதை அந்த இடத்தில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்கும் எனக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், 'இவளால்தான்' என்று ஒரு சொல் போதும். கொஸ்லந்தைக்குப் பஸ் ஏற்றி விட்டுவிடுவார்கள்.

"இன்னும் நிறையத் தண்ணீர் வேண்டும். வாட்டுக் குசினியில் கொதித்தாறின தண்ணீர் இருக்கிறது, ஒரு கூசா நிறையக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார் வைத்தியர். அந்த அம்மா பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனா.

அவ போனதும் வைத்தியர் மெல்லிய குரலில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். "உங்கட தோட்டத்தில பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிக்கிறாங்கள்தானே? இவன்ட மூளையில தப்பு நல்லாத்தான் அடிக்குது. இவன்ட சிறுநீரகத்துக்குக் கேக்கிற காதுதான் இல்லை. வேற குறை ஒண்டும் இல்லை. கேட்கிற நேரமெல்லாம் தண்ணி குடுங்கோ, உப்பைக் குறையுங்கோ, ஒரு மருந்துக் குளிசை தருவினம். பிள்ளை வளருவான்." பிறகு மற்றதையும் சொன்னேன். இது தாயிடமிருந்து ஆண்பிள்ளைக்கு வருவது. தாய்க்கு நோய் இராது. வீட்டில் இருக்கிற மூத்த மகள் கலாவிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சரோஜா யோகுவின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப மூத்ததுக ரெண்டும் நா குடுத்ததாலதான் செத்துச்சா மிஸ்?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. வைத்தியருக்கு அவளுடைய முகமே போதுமாக இருந்தது. "நீங்கள் களவாக் குடுத்த தண்ணியாலதான் இவன் இருக்கிறான். அதுதான் உண்மை. மற்றது ஒருத்தருக்கும் தெரியாமல் நடந்தது" என்றேன்.

மாமியார் கூசாவோடு வந்தா. கட்டிலடியில் வைத்துவிட்டு, முதலில் கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்கவில்லை. மறந்துவிட்டா என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு கிளினிக் நாட்களில் சரோஜா என் ஜன்னலுக்கு வருவாள். போத்தல் வாங்குகிற சின்ன ஜன்னல். "ஒருத்தருக்கும் தெரியாதுதானே மிஸ்?" என்று தாழ்ந்த குரலில் கேட்பாள். "தெரியாது" என்பேன். பிறகு, "சாப்பிட்டீங்களா மிஸ்?" என்பாள். பதுளையில் என்னை அப்படிக் கேட்ட ஆள் அவள் ஒருத்திதான். அம்மா இறந்த செய்தி எல்லாம் முடிந்த பிறகு எனக்கு வந்தது. கொள்ளி வைத்தது யார், கூட்டம் வந்ததா, ஒன்றும் தெரியாது. அந்தக் கிழமை அவள் வந்தாள். "ஏன் மிஸ் மொகம் இப்பிடி இருக்கு?" என்றாள். சொன்னேன். ஜன்னலுக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தும் அவள் விடவில்லை. அன்றுதான் அழுதேன்.

அவளுக்கும் எனக்கும் இடையில் இருந்தது அந்த இரகசியம் மட்டும்தான். உறவு, ஊர், பேச்சு எல்லாம் வேறு. ஆனாலும் எனக்கென்று ஒரு வீடு மடுல்சீமை மலையில் இருக்கிறது போல நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த வைத்தியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்த பெண் வைத்தியருக்கு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றோடு தொடர்பு இருந்தது. கலாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயது வந்திருந்தது. சரோஜா, கலா, யோகு மூவரின் இரத்தத்தையும் ஊதா மூடிக் குழாய்களில் நானே எடுத்து ஐஸில் பொதி செய்து அனுப்பினேன். காத்திருந்து காத்திருந்து முடிவு வந்தது. அந்த வாங்கியின் பரம்பரையலகில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. யோகுவிடம் இருந்தது. சரோஜாவின் இரண்டில் ஒன்றில் இருந்தது. கலாவிடமும் இருந்தது.

முடிவு கேட்க வரச்சொன்ன நாளில் யோகு பள்ளிக்கூடத்தில். நல்ல உயரமாக வளர்ந்து, இரண்டு போத்தல் தண்ணீரோடு வகுப்பில் இருக்கிற பையன். சரோஜாவும் கலாவும் வந்தார்கள். கூடவே கைத்தடி ஊன்றிக்கொண்டு மாமியாரும் வந்துவிட்டா. சரோஜா என்னை ஓரமாக இழுத்தாள். "அத்தைய எப்பிடியாவது வெளிய அனுப்பிருங்க மிஸ்." எனக்குப் பழைய உபாயம் ஞாபகம் வந்தது.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி எடுத்துக்கொண்டு வாறீங்களோ?" என்றேன்.

அந்த அம்மா தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"திருப்பியும் தண்ணிக்கு அனுப்புறீங்களா மிஸ்? அன்னிக்கே நா போவல்ல. கதவுக்கு அந்தப் பக்கந்தான் நின்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் போய் கூசாவ தூக்கியாந்தேன்."

சரோஜாவின் முகத்தில் இரத்தமே இல்லை. "அத்த... இவ்ளோ வருசமா ஒரு வார்த்த கேக்கல்லியே?"

"என்னன்னு கேக்குறது? ஒன் வழியா வந்திச்சின்னு மிஸ் சொன்னாங்க. தண்ணி குடுத்ததாலதான் இவன் இருக்கான்னும் சொன்னாங்க. அந்த ரெண்டு புள்ளைக்கும் தண்ணி குடுக்காதன்னு சொன்னவ யாரு? நா. ஒன்னய கேட்டா, நீ என்னய கேட்டிருப்ப. அதான் வாய மூடிக்கிட்டேன்."

அறையில் நான்கு பெண்கள் இருந்தோம், வைத்தியரோடு ஐந்து. வைத்தியர் என்ன பேச்சு என்று சிங்களத்தில் கேட்டார். நான் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். சரோஜா அந்த அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த அம்மா அழவில்லை. பேத்தியைப் பார்த்து, "இவகிட்டயும் இருக்காமா?" என்று கேட்டா. இருக்கிறது என்றேன்.

"அப்ப பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்ட நானே சொல்லிர்றேன். ஆம்பளப் புள்ள பொறந்து தண்ணி கேட்டா குடுக்கணும்னு. அவ்வளவுதானே மிஸ்? இதுல மறைக்க என்னா இருக்கு?"

பரம்பரையலகைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களுக்குள் அதைவிடச் சுருக்கமானது இல்லை.

மூவரும் பஸ் நிலையத்துக்கு நடந்து போனதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். சரோஜா மாமியாரின் கையைப் பிடித்திருந்தாள். அவர்களுக்காக எனக்கு நிறைந்த சந்தோஷம். அதே நேரம் கையிலிருந்த ஒன்றை யாரோ வாங்கிக்கொண்டு போனது போலவும் இருந்தது. இத்தனை வருடம் நான் காத்துவந்த இரகசியத்துக்குக் காவலே தேவைப்பட்டிருக்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் சரோஜா ஜன்னலுக்கு வரவில்லை, நேராக மருந்தெடுக்கப் போய்விட்டாள். அதில் பிழை ஒன்றும் இல்லை. அன்று மாலை அறைக்கதவைச் சாத்தியபோதுதான் முழுத் தனிமையும் தெரிந்தது.

பிறகு ஓய்வு பெற்றேன். பாதை திறந்ததும் யாழ்ப்பாணம் போனேன். பூட்டிக் கிடந்த வீட்டைக் கூட்டித் துடைத்துக்கொண்டு இருக்கிறேன். தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு பயணம், கலாவின் பிள்ளையைப் பார்க்கத்தான். சரோஜாதான் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஆம்பளப் புள்ள மிஸ். இவனுக்கும் இருக்கு. நீங்க வந்து பாக்கணும்" என்றாள். சரோஜாவின் மாமியார் அதற்குள் காலமாகிவிட்டா.

கலா வாழ்க்கைப்பட்டதும் கொஸ்லந்தைதான். தோட்ட வீட்டு வரிசையான லயத்தில், அவர்களுடைய காம்பராவின் வாசலில் ஒரு செம்பு தண்ணீர். அடுப்புப் பக்கத்தில் ஒரு செம்பு. கட்டிலடியில் ஒன்று. எல்லாம் தவழ்கிற பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன. கன்னம் நிறைந்த பிள்ளை, ஒரு செம்பைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். கீழேயிருந்து ஏறி வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. உட்காரு முன்னமே கலாவின் மாமியார் ஒரு தம்ளர் தண்ணீரை என் கையில் வைத்தா. அவவை நான் அதுவரை கண்டதே இல்லை.

"நான் கேக்கேல்லையே அம்மா" என்றேன்.

"இந்த வீட்டுல யாரையும் தண்ணி கேக்க வைக்கிறதில்லீங்க மிஸ்" என்றா.

நான் குடித்தேன். குடித்து முடிக்கு முன்னமே இன்னொரு தம்ளர் வந்தது.